பச்சை இலை ஒட்டிய போத்தல்

1. ஓசோன்

டெலிபோனை வைத்த கையோடு கமால் ஹாஜி என்னைக் கூப்பிட்டார்.

"பத்மா, ஓசோன்னா என்னா?"

"வானத்துல மேல இருக்குற ஒரு படலம் ஹாஜி. வெயில் நம்மள சுட்டுப் பொசுக்காம தடுக்குதாம். அதுல ஓட்ட விழுந்துருச்சின்னு பேப்பர்ல போட்டிருந்தாங்க."

"அதுக்கும் நம்ம தல எண்ணெய்க்கும் என்னா சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல."

"அப்பிடின்னா நம்ம கத முடிஞ்சிது," என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். போனில் பேசியது மிஸ் லிம். ஜார்ஜ் டவுனில் ஒரு பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோரில், சோப்பு, ஷாம்பூ, பவுடர், எண்ணெய் எல்லாம் வாங்கி அடுக்கும் பொறுப்பு அவருடையது. இனிமேல் அழகுச் சாமான் பிரிவில் சுற்றுச்சூழலைக் கெடுக்காத பொருள்களுக்கென்று தனி ஷெல்ஃப் வைக்கப் போகிறார்களாம். அதில் இடம் பிடிக்கிற உள்ளூர்ச் சரக்குதான் கடையில் நிற்கும். மற்றதை வருஷக் கடைசியில் எடுத்துவிடுவார்களாம்.

நான் அப்போது சூலியா சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஹாஜியின் தலை எண்ணெய்ப் பட்டறையில் சூப்பர்வைசர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எண்ணெய் காய்ச்சும்போது பக்கத்தில் நிற்பது, போத்தலில் ஊற்றும்போது அளவு பார்ப்பது, லேபல் கோணலாக ஒட்டினால் கத்துவது, ஆபிசில் டைப் அடிப்பது எல்லாம் நானேதான். தொண்ணூறுகளின் தொடக்கம். ஹாஜியின் வாப்பா காலத்திலிருந்து செம்பருத்தியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சி வந்த தேங்காய் எண்ணெய் எங்கள் சரக்கு. கண்ணாடிப் போத்தல், சிவப்பு மூடி, பார்த்ததும் தெரியும்.

ஆனால் டிவியில் பெண்கள் முடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக் காட்ட ஆரம்பித்த பிறகு எங்கள் எண்ணெய்க்கு மவுசு போய்விட்டது. மளிகைக் கடைகளில் வியாபாரம் படுத்துவிட்டது. மிஸ் லிம்மின் ஸ்டோர்தான் எங்களைத் தூக்கி நிறுத்தியிருந்தது.

ஹாஜி ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னார். "அந்த ஷெல்ஃப் போச்சுன்னா பட்டறைய இழுத்து மூடிருவேன். நான் கெப்பாலா பத்தாஸ்ல மகன் வீட்டுக்குப் போயிருவேன். நீங்க ஆளாளுக்கு வேற வேல பாத்துக்குங்க. என்மேல கோவப்படாதீங்க லா."

வேறு வேலை என்றால் எங்கே போவது? பாயான் லெப்பாஸ் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரிகளில் கண்பார்வை கூர்மையான சின்னப் பெண்களைத்தான் எடுப்பார்கள். எங்களில் யாருக்கும் ஊசியில் நூல் கோக்கவே இரண்டு தடவை முயற்சி வேண்டும். போத்தல் கழுவும் லெட்சுமி அக்கா அன்று மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லை. நானும்தான்.

2. ஃபிரான்சிஸ்

ஹாஜி அடுத்த வாரமே விளம்பர ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெயர் ஃபிரான்சிஸ். நல்ல பையன்தான். ஆனால் தலையில் அவ்வளவு ஸ்ப்ரே. ஓசோனில் ஓட்டை விழுந்ததற்கு அவர் தலை ஒன்றே பாதிப் பொறுப்பு ஏற்க வேண்டும்.

அவர் ஒரு ஸ்டிக்கர் வரைந்து கொண்டுவந்தார். பளபளவென்று பச்சை இலை, ஓரத்தில் தங்கக் கோடு. 'இயற்கையின் நண்பன். ஓசோனுக்குத் தீங்கற்றது. முற்றிலும் இயற்கை' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் சீனத்திலும் எழுதியிருந்தது.

"தம்பி, ஓசோன கெடுக்குறது ஸ்ப்ரே டின்ல இருக்குற கேஸ். இது போத்தல்ல ஊத்துற எண்ணெய். அந்த கேஸ் இதுல எந்தக் காலத்துலயும் இருந்ததே இல்லையே," என்றேன்.

"இல்லதானே அக்கா? அதத்தானே போட்டிருக்கேன். பொய்யா சொன்னேன்?"

"பாலிக் புலாவ்ல இறால் அரைச்சு செய்யுற பெலாச்சான் கூடத்தான் இதுல இல்ல. 'இறால் நாத்தம் கிடையாது'ன்னு அதையும் சேத்துப் போடுங்களேன்."

கழுவும் தொட்டிப் பக்கமிருந்து லெட்சுமி அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. ஹாஜி முகத்தைச் சுளித்தார்.

"பத்மா, நீ வாய வெச்சிக்கிட்டு சும்மா இரு. எல்லா கம்பெனியும் இப்பிடித்தான் போடுறான். நாம மட்டும் போடாம இருந்தா நம்ம எண்ணெய்தான் ஓசோன ஓட்ட போட்டுச்சின்னு நெனப்பாங்க."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த வருஷம் சோப்பு, டிஷ்யூ, ஷாம்பூ எதை எடுத்தாலும் ஓர் இலையோ ஒரு பூமி உருண்டையோ ஒட்டியிருந்தது. யாரும் எதையும் விளக்கவில்லை. வாங்குகிறவர்கள் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துக் கூடையில் போட்டுக்கொண்டு போனார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். ஸ்டிக்கர் வந்து இறங்கியது. பழைய காகித லேபலுக்குப் பதில் அதையே ஒட்ட ஆரம்பித்தோம்.

3. பின்கட்டில் குவிந்தது

இங்கே எங்கள் வேலைமுறையைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் மற்றது புரியாது.

எங்கள் போத்தல் போய் வருகிற போத்தல். எண்ணெய் தீர்ந்ததும் ஆட்கள் காலிப் போத்தலை மளிகைக் கடையில் கொடுப்பார்கள். எங்கள் வேன் சரக்கு போடும்போது அவற்றைப் பெட்டியில் அடுக்கி எடுத்து வரும். வீடுகளில் சேர்ந்ததை ஓர் ஆப்பேக், அதாவது வயதான சீனர், மூன்று சக்கர வண்டியில் வாங்கி வந்து எங்களிடம் போடுவார். சாயங்காலம் போத்தல்களைத் தொட்டியில் ஊறப்போட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம். லேபல் ஒட்டுவது மரவள்ளி மாவுப் பசையில். காலையில் வந்து பார்த்தால் லேபலெல்லாம் தானாகக் கழன்று மிதக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு அலசிக் காயவைத்தால் மறுபடி எண்ணெய் ஊற்றலாம். இதை யாரும் சுற்றுச்சூழல் என்று சொன்னதில்லை. புதுப் போத்தலைவிடப் பழைய போத்தல் மலிவு, அவ்வளவுதான்.

ஃபிரான்சிஸின் ஸ்டிக்கர் வந்து சில வாரங்களில் அது ஒட்டிய போத்தல்கள் திரும்பிவர ஆரம்பித்தன. ஊறப்போட்டோம். காலையில் வந்து பார்த்தால் இலை அப்படியே சிரித்துக்கொண்டிருக்கிறது. மறுபடி ஊறப்போட்டோம். ம்ஹூம். சுடுதண்ணீர், நகம், கத்தி எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் பாதி வரும், மீதி பிசுபிசுவென்று நிற்கும், போத்தல் முழுக்க நாறும்.

லெட்சுமி அக்கா கையைக் காட்டினார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது. "இது என்னா பத்மா நண்பன்? சனியன் மாதிரி புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குது!"

எனக்கு அந்தக் கையைப் பார்த்ததும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தேய்க்க வேண்டாம், அப்படியே பின்னால் போடுங்கள் என்றேன்.

ஆப்பேக்கும் வந்து பார்த்தார். ஒரு போத்தலை எடுத்து நகத்தால் சுரண்டினார். "தாக் போலே லா!" ஆகாது என்று கையை விரித்துவிட்டு வண்டியைத் திருப்பினார். அதன்பிறகு ஸ்டிக்கர் ஒட்டிய போத்தலை அவர் எந்த வீட்டிலும் வாங்கவில்லை. ஆட்கள் குப்பையில் போட்டார்கள், சிலர் சாக்கடையில் போட்டார்கள். நாங்கள் புதுப் போத்தல் வாங்கினோம். வந்ததெல்லாம் பின்கட்டில் குவிந்தது. ஹாஜியிடம் சொன்னேன். "மொதல்ல ஷெல்ஃப் கெடைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

4. மிஸ் லிம் வந்தார்

ஷெல்ஃபில் யாரை வைப்பது என்று முடிவு செய்யுமுன் ஒவ்வொரு பட்டறையையும் நேரில் பார்க்கப் போவதாக மிஸ் லிம் சொல்லியனுப்பினார். ஹாஜி சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். எங்களுக்குப் பச்சை ஏப்ரன் தைத்துக் கொடுத்தார். பின்கட்டுப் போத்தல் குவியலைக் கன்வாஸ் போட்டு மூடி, அதன்மேல் ஒரு பூந்தொட்டியும் வைத்தார்.

மிஸ் லிம் வந்தார். கட்டை முடி, வேகமான பேச்சு, வேகமான நடை. அடுப்பைப் பார்த்தார், வடிகட்டும் துணியை முகர்ந்தார், தலையாட்டினார். ஹாஜி முகத்தில் வெளிச்சம் வந்தது. அப்போது பார்த்து எங்கள் பட்டறைப் பூனை கன்வாஸின்மேல் ஏறி, பூந்தொட்டியைத் தள்ளி, தானும் சரிந்தது. கன்வாஸ் விலகி, நாலைந்து போத்தல் உருண்டு மிஸ் லிம்மின் செருப்பருகே வந்து நின்றன. எல்லாவற்றிலும் பச்சை இலை.

"இது என்ன?" என்று கேட்டார் மிஸ் லிம்.

ஹாஜி என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளி என்று அவர் கண் கெஞ்சியது. உடைந்த சரக்கு என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் லெட்சுமி அக்கா உரிந்த விரல்களை ஏப்ரனுக்குள் மறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"அந்த ஸ்டிக்கர்தான் மிஸ் லிம் காரணம். முன்னெல்லாம் இந்தப் போத்தல் எல்லாம் திரும்பத் திரும்ப ஓடும். இயற்கையின் நண்பன்னு ஒட்டுனதுக்கு அப்புறம் ஒண்ணுகூட ஓடல. லேபல் கழல மாட்டேங்குது."

என் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். போச்சு, எல்லார் சோற்றிலும் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன். ஹாஜி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மிஸ் லிம் ஒரு போத்தலை எடுத்து ஸ்டிக்கரைச் சுரண்டிப் பார்த்தார். அவருடைய பூசிய நகம் ஒன்று முறிந்தது. "ஐயோ!" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கியதும் ஹாஜியிடம் திரும்பிச் சொன்னார்: "இந்த வாரம் எட்டு இடத்துல இலை பாத்துட்டேன் ஹாஜி. ஒருத்தர்கிட்டயும் இலைக்குப் பின்னால என்ன இருக்குன்னு பதில் இல்ல. உங்ககிட்ட திரும்பி வர்ற போத்தல் இருந்திருக்கு, அத ஏன் எழுதல? வாங்குறவங்க யாராவது நேர்ல வந்து 'காட்டு'ன்னு கேட்டா காட்ட முடியுறத மட்டும் எழுதிக் கொண்டாங்க. ஒரு ட்ரையல் தர்றேன். ஆனா லேபல் பொய்னு ஒரு புகார் வந்தாலும் அன்னிக்கே எடுத்துருவேன்."

5. லேபல் எழுதியது

எழுதுவது என் தலையில் விழுந்தது. ஹாஜி எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கு நின்றார்.

தேங்காய் எண்ணெய், செம்பருத்தி, கறிவேப்பிலை வரை சுமுகமாகப் போயிற்று. அடுத்தது நிறம். எங்கள் எண்ணெய் நல்ல பச்சை. கறிவேப்பிலையின் நிறம் என்றுதான் வாங்குகிறவர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது டின்னில் வரும் சாயம்.

"அத எதுக்கு எழுதணும்?" என்றார் ஹாஜி.

"ஒருத்தவங்க வந்து 'காட்டு'ன்னா சாய டின்ன காட்டணும்ல?"

ஹாஜி தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "வாப்பா காலத்துல சாயம் கெடையாது. நான்தான் கலரா இருந்தா விக்கும்னு போட்டேன்," என்றார். பிறகு, "இத எழுதுறதுக்கு சாயத்த எடுத்துர்றதே மேல். எடுத்துரு," என்றார்.

ஒரு லேபல் என்ன செய்யும் என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. எழுதக் கூச்சமாக இருப்பதை முதலாளியே எடுக்கச் சொல்லுகிறார்! அதற்கு முன் நான் எத்தனையோ தடவை சாயம் வேண்டாமே என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் பேச்சுக்கு அசையாத மனிதர் ஒரு வரிக்கு அசைந்தார். எண்ணெய் வெளிர் மஞ்சளாகிவிட்டது.

வாசனை வெளியில் வாங்கிக் கலக்கும் செண்ட். அதை எடுத்தால் எண்ணெயை யாரும் தொடமாட்டார்கள். 'வாசனை செயற்கையானது' என்று எழுதினோம். அடுத்தது மூடி. மூடி பிளாஸ்டிக். திரும்பி வரும்போது பாதி உடைந்திருக்கும், தூக்கித்தான் போட வேண்டும். 'மூடி பிளாஸ்டிக், இதற்கு இன்னும் வழி தெரியவில்லை' என்று நான் எழுதியதைப் படித்ததும் ஹாஜி எழுந்தே நின்றுவிட்டார்.

"பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட மொதல்ல சொத்தப் பல்லயா காட்டுவாங்க?"

"கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா இன்னும் மோசம் ஹாஜி."

"உன்ன வெச்சிக்கிட்டு..." என்று முணுமுணுத்தார். ஆனால் வரியை அடிக்கவில்லை.

கடைசி வரி: 'இந்த லேபல் மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டப்பட்டது. தண்ணீரில் ஊறினால் கழன்றுவிடும். காலிப் போத்தலைக் கடையில் கொடுத்துவிடுங்கள்.' எழுதிவிட்டுப் பெருமையாகப் பசைச் சட்டியை எட்டிப் பார்த்தேன். இளநீலமாக இருந்தது. மயில்துத்தம்! பூச்சி அரிக்காமல் இருக்க மாவுப் பசையில் துத்தம் போடுவது காலங்காலமாக எங்கள் வழக்கம். புத்தகம் பைண்ட் செய்கிறவர்களும் போடுவார்கள். நாங்கள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. உப்பு மாதிரி ஒரு சிட்டிகை போடுவோம். அது விஷம். லேபல் ஊறிய தண்ணீரோடு சாக்கடையில் இறங்கிக் கடலுக்குத்தான் போகும். ஃபிரான்சிஸின் ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் பழைய பசையும் ஒன்றும் யோக்கியம் இல்லை.

"எழுதுறதா, எடுக்குறதா?" என்று ஹாஜியைக் கேட்டேன்.

"எடு, எடு!" என்றார்.

6. கரப்பான் பூச்சி

துத்தம் இல்லாத பசையில் ஒட்டிய முதல் பெட்டியை மிஸ் லிம்மின் ஸ்டோர்ரூமுக்கு அனுப்பினோம். நாலைந்து நாளில் போன் வந்தது. சரக்கைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார்கள். பெட்டியைத் திறந்தால் லேபலெல்லாம் கிழிந்த வலை போல இருந்தது. கரப்பான் பூச்சிகள் விருந்து சாப்பிட்டிருந்தன. ஒரு போத்தலில் மட்டும் 'மூடி பிளாஸ்டிக்' வரியை விட்டு வைத்திருந்தன. ஹாஜி அதைப் பார்த்துவிட்டு, "பாரு, பூச்சிக்குக்கூட அந்த வரி புடிக்கல," என்றார்.

மிஸ் லிம் ஒரு வாரம்தான் பொறுப்பேன் என்றுவிட்டார். நாங்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பசையில் போட்டுப் பார்த்தோம். வேப்பிலைச் சாறு போட்டால் பசை பிடிக்கவில்லை. உப்பு போட்டால் லேபலில் ஈரம் கோத்தது. கற்பூரத்தின் வாசனை போத்தலோடு நிற்காமல் எண்ணெய்க்குள்ளும் போய்விட்டது. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், ஆளாளுக்குத் திட்டு வாங்கினார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று.

கடைசியில் கிராம்புத் தைலம். பாலிக் புலாவ் தோட்டங்களிலிருந்து ஜாதிக்காயும் கிராம்பும் கொண்டுவந்து விற்கிறவர்கள் எங்கள் சந்தில் இருந்தார்கள். ஒரு சின்னப் போத்தல் தைலம் வாங்கிப் பசையில் சொட்டுச் சொட்டாக விட்டு ஒட்டி, ராத்திரி பூச்சி நடமாடும் இடமாகப் பார்த்து வைத்தோம். காலையில் லேபல் முழுசாக இருந்தது. மறுநாளும் இருந்தது. தொட்டியில் போட்டால் கழலவும் செய்தது. பட்டறை முழுக்கப் பல் டாக்டர் கிளினிக் வாசனை அடித்தது. லெட்சுமி அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேவிட்டேன், வெட்கமென்ன?

லேபலில் 'பசையில் கிராம்புத் தைலம் உண்டு' என்று சேர்த்தோம். சரக்கு ஷெல்ஃபில் ஏறியது.

7. டீச்சர்

வியாபாரம் தீப்பிடித்துக்கொண்டதென்று சொல்லமாட்டேன். நிறம் போனதால் சிலர் விட்டுவிட்டார்கள். ஆனால் லேபலை நின்று படிக்கிறவர்கள் படித்தார்கள், படித்தவர்களில் பலர் எடுத்தார்கள். மூடிக்கு வழி தெரியாத எண்ணெய் என்று எங்களுக்குப் பெயரே வந்துவிட்டது என்று கவுண்டர்ப் பெண்கள் சொன்னார்கள்.

ட்ரையல் முடியும் தறுவாயில் மிஸ் லிம்மிடமிருந்து போன். குரல் இறுகியிருந்தது. "புகார் வந்திருக்கு. உங்க லேபல் பொய் சொல்லுதுன்னு. அந்தம்மா உங்க பட்டறைக்கே வர்றாங்க. நானும் வர்றேன்."

மிஸ் லிம்முக்கு முன்பே அந்த அம்மாள் வாசலில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பள்ளிக்கூட டீச்சர். வெள்ளைப் புடவை, குடை, கைப்பையில் எங்கள் காலிப் போத்தல்கள்.

"நீங்கள்தானோ இதுக்குப் பொறுப்பு?" என்று என்னைக் கேட்டார். "போத்தலைக் கடையில குடுக்கலாம் எண்டு எழுதியிருக்கிறியள். நான் கொண்டுபோய்க் குடுத்தன். அந்தப் பிள்ளை, 'ஆன்ட்டி, குப்பைத்தொட்டி வாசல்ல இருக்கு' எண்டு சொல்லுது. அப்ப இது பொய்தானே?"

எங்கள் மூளையில் கடை என்றால் மளிகைக் கடை. அங்கே போத்தல் வாங்குவார்கள், அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குளிர்சாதனம் போட்ட ஸ்டோரில் காலிப் போத்தலை யார் வாங்குவார்கள் என்று நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. கழுவத் தொட்டி இருக்கிறது, ஒட்டப் பசை இருக்கிறது, வாங்கி வைக்க ஒரு பெட்டி இல்லை. இதற்குள் மிஸ் லிம்மும் வந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

ஹாஜிதான் முன்னால் வந்தார். "டீச்சர், எழுதுனது பொய் இல்ல. செய்யாம விட்டது எங்க தப்பு. இன்னிக்கே மிஸ் லிம் கவுண்டர் பக்கத்துல என் செலவுல பெட்டி வெக்கிறேன். வேன் சரக்கு போட வரும்போது எடுத்துக்கிட்டு வரும். நீங்க நம்ப வேணாம். உள்ள வாங்க, வந்து பாருங்க."

டீச்சர் உள்ளே வந்தார். வந்தவர் ஒன்றையும் விடவில்லை. அலமாரியைத் திறக்கச் சொன்னார்; முன்பு சாய டின் இருந்த தட்டு காலியாகக் கிடந்தது. செண்ட் டிரம்மை முகர்ந்து, "இது கொஞ்சம் கூடத்தான்," என்றார். பசைச் சட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். லெட்சுமி அக்கா தொட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து, கழன்ற லேபலைக் கையில் கொடுத்ததும் அவருக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. ஹாஜியும் மூச்சு விட்டார்.

"நல்லது," என்றார் டீச்சர். பிறகு தொட்டியின் குழாய்ப் பக்கம் குனிந்தார். "இந்த எண்ணெயும் சோப்பும் கழுவின தண்ணி எங்க போகுது?"

பின்னால் சாக்கடை இருந்தது, எல்லாருக்கும் கண் இருந்தது.

"சாக்கடைக்குத்தான் டீச்சர்," என்றார் ஹாஜி.

"அதை லேபலில காணேல்லையே."

"இல்ல. எழுதல."

டீச்சர் தலையாட்டினார். போத்தல்களை லெட்சுமி அக்காவிடம் கொடுத்தார். புது எண்ணெய் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஹாஜி நீட்டினார். வாங்கவில்லை. "வீட்டில இன்னும் இருக்கு. முடிஞ்ச பிறகு வந்து பாக்கிறன்," என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மிஸ் லிம் வாசலில் நின்று திரும்பினார். "பெட்டிய நாளைக்கே கொண்டாங்க. கவுண்டர் பொண்ணுங்ககிட்ட நான் பேசிக்கிறேன். அடுத்த வருஷத்துக்கும் ஆர்டர் தர்றேன்," என்றார். லெட்சுமி அக்கா ஈரக் கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கலில் என் மூக்குக் கண்ணாடி விழுந்தது. பட்டறை மூடவில்லை. எங்களில் யாரும் வேலை தேடிப் போகவும் இல்லை.

எல்லாரும் குதித்துக்கொண்டிருக்க, ஹாஜி மட்டும் தொட்டியருகே நின்று தண்ணீர் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்மா, அடுத்த பிரிண்ட்ல தண்ணி சாக்கடைக்குப் போறதயும் போட்டுரு."

"அதான் ஆர்டர் கெடச்சிருச்சே ஹாஜி. அத போட்டா விக்காது," என்று வேண்டுமென்றே சீண்டினேன்.

"விக்காட்டி போவட்டும். அந்தம்மா மறுபடி வருவாங்க. அன்னிக்கும் 'எழுதல'ன்னு சொல்லிக்கிட்டு நிக்கச் சொல்றியா? நாளைக்கு ஒரு கொத்தனார கூட்டிக்கிட்டு வா. எண்ணெய் தேங்குற மாதிரி பின்னால ஒரு குழி கட்டிரலாம்."

லேபல் எழுதும் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இலை வரையத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் குடையோடு ஒருவர் வந்து காட்டச் சொல்வார் என்று நினைத்து எழுதுங்கள். காட்ட முடியாததை எடுத்துவிடுங்கள். எடுக்கவும் முடியாவிட்டால் அதையும் எழுதிவிடுங்கள். வாங்குகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் டீச்சர் எண்ணெய் தீர்ந்ததும் வந்தார், கட்டிய குழியை எட்டிப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு போத்தல் வாங்கிக்கொண்டு போனார்.